மூழ்கிய சம்பாவின் கணுவில் ஆக்சினைப் பார்க்க வேண்டும்: திசுவை எப்படித் தயார் செய்வது?

வெண்ணாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் பக்கம் முதுகலை தாவரவியல் படிக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் வடியாமல் நின்றால் சம்பாப் பயிரின் கீழ்க்கணுக்களில் புது வேர் கிளம்பும் இல்லையா, அதுதான் என் தலைப்பு. அந்த வேர் வெளியே வருகிற இடத்தில் ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் எந்த செல்களில் சேர்ந்திருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் காட்ட வேண்டும். ஆக்சின்களில் முக்கியமான ஐஏஏ-வை அடையாளம் கண்டு ஒட்டுகிற ஆன்டிபாடி வாங்கித் தருவதாக கைடு சொல்லியிருக்கிறார்.

துறையில் சுழல் மைக்ரோடோம், மெழுகு அடுப்பு, ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் இருக்கின்றன. கான்ஃபோகல் கிடையாது. இதுவரை நாங்கள் செய்ததெல்லாம் எஃப்ஏஏ-வில் (ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலவை) போட்டு வைப்பது, ஆல்கஹால் வரிசை, சைலீன், மெழுகு, சஃப்ரனின் சாயம். இதே முறையில் வெட்டி, சாயத்துக்குப் பதிலாக ஆன்டிபாடி போட்டால் போதுமா? வயல் வலங்கைமான் பக்கம். அங்கிருந்து ஆய்வகத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கணுவை அறுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வரலாமா?

மெழுகுக்கட்டி எழுதியது:

தங்கச்சி, நல்ல தலைப்பு. ஆனால் எஃப்ஏஏ-வை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

நாம் வழக்கமாக மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது செல் சுவர், லிக்னின், ஸ்டார்ச், புரதம். எல்லாம் பெரிய பொருள்கள், இருந்த இடத்திலேயே இருக்கும். ஐஏஏ அப்படியில்லை. அதன் மூலக்கூறு எடை 175 தான். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். எஃப்ஏஏ-வில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ ஆல்கஹால். நீங்கள் கணுவை அதில் போட்ட நிமிடத்திலிருந்து ஆக்சின் கரைந்து வெளியேறத் தொடங்கும். மிச்சத்தை ஆல்கஹால் வரிசை கொண்டுபோய்விடும். கடைசியில் அழகான சீவல் கிடைக்கும், அதில் ஆக்சின் இருக்காது. அதன் மேல் ஆன்டிபாடி போட்டால் எங்காவது ஒட்டி ஏதோ ஒரு நிறம் வரத்தான் செய்யும். அதை ஆக்சின் என்று எழுதிவிடுவோம். ஆபத்து அங்கேதான்.

ஃபார்மால்டிஹைடு தனியாகவும் உதவாது. அது முக்கியமாக அமீன் தொகுதிகளைப் பிடித்து, புரதத்தைப் புரதத்தோடு கட்டும். ஐஏஏ-வில் அப்படிப் பிடிக்கத் தோதான அமீன் இல்லை. அதன் வால் முனையில் இருப்பது கார்பாக்சில் என்கிற அமிலத் தொகுதி. அதனால் கார்பாக்சிலைப் பக்கத்தில் உள்ள புரதத்தின் அமீனோடு இணைக்கிற ஒரு பொருள் வேண்டும். அதுதான் ஈடிஏசி என்கிற கார்போடைஇமைடு. சில பாட்டில்களில் ஈடிசி என்றே போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். இது ஆக்சினை அது இருந்த இடத்துப் புரதத்தோடு கட்டிப்போடும். அப்புறம் பாராஃபார்மால்டிஹைடு அந்தப் புரதங்களை ஒன்றோடொன்று கட்டும். இந்த இரண்டு கட்டும் விழுந்த பிறகு ஆல்கஹால், சைலீன் எதற்கும் பெரிதாகப் பயப்பட வேண்டாம்.

வரிசை முக்கியம். ஈடிஏசி முதலில், ஆல்டிஹைடு பிறகு. மாற்றிப் போட்டால், ஈடிஏசி பிடிக்க வேண்டிய அமீன்களை ஆல்டிஹைடு முன்கூட்டியே தின்றுவிடும்.

ஐஸ் பெட்டி கேள்விக்கு: வேண்டாம். அறுத்த நொடியிலிருந்து அந்தத் திசு வேறு திசு. வெட்டுக்காயம் பட்டால் ஜாஸ்மோனேட் என்கிற ஹார்மோன் சில நிமிடங்களுக்குள் ஏறத் தொடங்கும். ஆக்சின் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருப்பது. மேலே வெட்டினால் வரத்து நின்றுவிடும், கீழே இருப்பது நகர்ந்துகொண்டே இருக்கும். குளிர் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கரைசலை வயலுக்குக் கொண்டு போங்கள். கணுவைக் கரைசலுக்குள்ளேயே வைத்து அறுக்க வேண்டும்.

சம்பாக்காரர் எழுதியது:

நான் ஆய்வுக்காரன் இல்லை, விவசாயி. தலைப்பில் சம்பா என்று பார்த்துவிட்டு வந்தேன். பயிர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன் அம்மா.

கணுவில் வேர் வெளியே தெரியும்போது அறுத்தால் அது பழைய கதை. தண்ணீர் ஏறி நிற்கிறபோதே, வெளியே ஒன்றும் தெரியாத பயிரில் அடி இலையுறையை நகத்தால் மெதுவாக உரித்துப் பாருங்கள். கணுவைச் சுற்றி வெள்ளையாகச் சின்னச் சின்ன மேடு தட்டுப்படும், கடுகில் பாதிகூட இருக்காது. வேர் அதற்குள்தான் காத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்த வயலிலும் அந்த மேடு இருக்கும், ஆனால் வெளியே வராது.

அப்புறம், சி.ஆர். 1009 போட்ட வயலும் சி.ஆர். 1009 சப்1 போட்ட வயலும் மூழ்கினால் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சப்1 அடக்கமாக உட்கார்ந்திருக்கும், மற்றது தண்ணீருக்கு மேலே வர எட்டிப் பார்த்து நெடுநெடுவென்று ஓடும். மடுமுழுங்கி, காட்டுயானம் மாதிரிப் பழைய ரகங்கள் இன்னொரு விதம். எந்த வயல், என்ன ரகம், எத்தனை நாள் தண்ணீர் என்று விவசாயியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடவு வயலா நேரடி விதைப்பா என்பதையும் கேளுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஐயா சொன்னது ஆய்வுக்கு நேரடியாக உதவுகிற தகவல். நெல்லின் கணுவில் வேர்முளைகள் முன்பே உருவாகி உறங்கும். தண்ணீருக்குள் எத்திலீன் என்கிற வாயு ஹார்மோன் வெளியேற வழியில்லாமல் திசுவிலேயே தேங்கும். வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அந்த எத்திலீன்தான் வேர்முளையின் மேலே மூடியிருக்கிற மேல்தோல் செல்களைச் சாகச் சொல்லி வேருக்கு வழிவிடுகிறது. வேரின் வளர்ச்சிக்கு ஆக்சினும் வேண்டும். ஆகவே வெளியே வருமுன் உள்ள நிலை, மேல்தோல் பிளக்கிற நிலை, வேர் வெளியே வந்த நிலை என்று பிரித்து எடுத்தால்தான் படம் எதையாவது சொல்லும்.

சப்1 வேறுபாட்டுக்குக் காரணம் சப்1ஏ மரபணு. ஒடிசாவிலிருந்து வந்த எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில் இருந்தது, 2006-இல் அடையாளம் கண்டார்கள். அது தண்டை நீட்டுகிற ஜிப்ரலின் ஹார்மோனின் தூண்டுதலை அடக்கிப் பயிரின் சேமிப்பைக் காப்பாற்றுகிறது. உங்கள் வயல் எந்த ரகம் என்று தெரியாமல் ஹார்மோன் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

அறுக்கும் நேரத்தையும் ஒரே மாதிரி வையுங்கள். காலை எட்டு மணி என்றால் எல்லா நாளும் எட்டு மணி. ஹார்மோன் அளவு பகலுக்கும் இரவுக்கும் மாறும். மூழ்கிய பயிரைக் காலையிலும், மூழ்காத பயிரை மதியமும் எடுத்தால் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, ஆன்டிபாடி வாங்குமுன் அது எப்படித் தயாரானது என்று விவரத்தாளில் பாருங்கள். ஐஏஏ தனியாக எந்த விலங்கின் உடலிலும் எதிர்ப்பைத் தூண்டாது, அவ்வளவு சின்னது. ஒரு பெரிய புரதத்தில் ஒட்டித்தான் ஊசி போடுவார்கள். கார்பாக்சில் பக்கம் ஒட்டியிருந்தால் சி1 வகை, வளையத்தின் நைட்ரஜன் பக்கம் ஒட்டியிருந்தால் என்1 வகை. ஈடிஏசி போட்ட திசுவில் ஆக்சின் கார்பாக்சில் வழியாகத்தான் புரதத்தில் தொங்குகிறது. எனவே உங்களுக்கு சி1 வகைதான் பொருந்தும். என்1 வகைக்கு கார்பாக்சில் முனை திறந்திருக்க வேண்டும், நாமோ அதைக் கட்டிவிட்டோம்.

வெண்ணாறு எழுதியது:

நன்றி அக்கா, நன்றி அண்ணா, ஐயா. இலையுறைக்கு உள்ளே இருக்கும் மேட்டைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

துறையில் ஈடிஏசி பாட்டில் ஒன்று இருக்கிறது. திறந்த பாட்டில், சாதாரண ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்கள், தூள் கட்டிகட்டியாக இருக்கிறது. பயன்படுத்தலாமா? கரைசலை எந்தப் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) போடுவது, ட்ரிஸ் கைவசம் இருக்கிறது. நெல் கணுவுக்குள் கரைசல் இறங்குமா? போட்டால் மிதக்கிறது.

மெழுகுக்கட்டி எழுதியது:

கட்டி கட்டியாக இருக்கிற ஈடிஏசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது ஈரத்தை இழுத்து ஏற்கெனவே சிதைந்துவிட்டது. நம் டெல்டாவில் மழைக்காலத்துக் காற்றை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியே கசிகிறது. புது பாட்டிலை சின்னதாக வாங்குங்கள், 5 கிராம் போதும். மைனஸ் 20-இல், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள். மிக முக்கியமாக, ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள். மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும். சில்லென்று இருக்கும்போது திறந்தால் உள்ளே பனித்துக்கொண்டுவிடும், அதோடு பாட்டிலின் ஆயுள் முடிந்தது.

வயலுக்குப் போகும்போது தூளைத் தனித்தனிக் குழாயில் எடை போட்டு எடுத்துச் செல்லுங்கள். குழாயின் மூடியை பாராஃபிலிம் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பையில் போடுங்கள். பஃபர் தனிக் குழாயில். பயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலந்தால் போதும். ஈடிஏசி தண்ணீரில் கரைந்ததும் மெதுவாகச் சிதையத் தொடங்கிவிடும். காலையில் கலந்து மதியம் பயன்படுத்துகிற கதையெல்லாம் கூடாது. செறிவு 3 சதவீதம் வைத்துக்கொள்ளலாம். 2-லிருந்து 4 வரை வெவ்வேறு பேர் பயன்படுத்துகிறார்கள்.

ட்ரிஸ் கூடவே கூடாது. ட்ரிஸ் என்பதே ஒரு அமீன். ஈடிஏசியும் ஃபார்மால்டிஹைடும் திசுவை விட்டுவிட்டு ட்ரிஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சிட்ரேட், அசிட்டேட் பஃபர்களில் கார்பாக்சில் இருக்கிறது, அவையும் வேண்டாம். பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புப் பஃபர்) போட்டு நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த வினைக்கு நடுநிலையை விடக் கொஞ்சம் அமிலப் பக்கம்தான் பிடித்தம். எம்இஎஸ் பஃபர் பிஎச் 6 பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மிதப்பதுதான் நெல்லின் பெரிய தொல்லை. தண்ணீரில் வாழ்கிற பயிர், உள்ளே முழுக்கக் காற்றுக் குழல். கரைசல் காற்றைத் தள்ளிவிட்டு உள்ளே போக முடியாது. ஆய்வகத்தில் டெசிகேட்டரும் பம்பும் இருக்கும். வயலுக்கு 50 மில்லி ஊசிக்குழாய் எடுத்துச் செல்லுங்கள், ஊசி இல்லாமல். உலக்கையை உருவி, துண்டுகளையும் கரைசலையும் போட்டு, உலக்கையைத் திரும்பச் செருகி, உள்ளே இருக்கிற காற்றை முனை வழியாக வெளியே தள்ளுங்கள். பிறகு கையுறை போட்ட விரலால் முனையை அடைத்துக்கொண்டு உலக்கையைப் பின்னால் இழுங்கள். வெட்டிய முகத்திலிருந்து குமிழி வரிசையாகக் கிளம்பும். விரலை எடுக்காமலே உலக்கையை மெதுவாக விடுங்கள், காற்று போன இடத்தில் கரைசல் இறங்கும். துண்டு அடியில் போய் உட்காரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மிதக்கிற துண்டை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள், அதன் நடுவில் கரைசலே போயிருக்காது.

துண்டின் கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர். கணுவுக்கு மேலும் கீழும் கொஞ்சம் விட்டு அறுங்கள். இலையுறையையும் கரைசலுக்குள் வைத்தே உரியுங்கள். பிளேடு ஒவ்வொரு செடிக்கும் புதிது. நெல் தண்டில் சிலிக்கா இருக்கிறது, ஒரு செடியிலேயே முனை மழுங்கிவிடும், மழுங்கிய பிளேடு வெட்டாது, நசுக்கும்.

ஈடிஏசியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். அதாவது நீங்கள் பஸ்ஸில் வருகிற நேரம் வீணாகாது. ஆய்வகம் வந்ததும் பஃபரில் அலசி, புதிதாகச் செய்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில், மீண்டும் வெற்றிடம் கொடுத்து, 4 டிகிரியில் இரவு முழுக்க. கடையில் வாங்கும் ஃபார்மலினில் நிலைப்படுத்த மெத்தனால் கலந்திருப்பார்கள், அதனால் தூளிலிருந்தே செய்யுங்கள். 60 டிகிரிக்குச் சூடாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடு சில துளி விட்டால் தெளியும், பிறகு பிஎச் சரிசெய்யுங்கள். இதெல்லாம் புகைக்கூண்டுக்குள் மட்டும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் தருவது, கண்ணையும் மூக்கையும் அரிக்கும். ஈடிஏசியும் தோலில் படக்கூடாது. வயலில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மீந்த கரைசலை மூடிய பாட்டிலில் திரும்ப எடுத்து வாருங்கள், வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீரில்தான் மீன் இருக்கிறது, மாடு குடிக்கிறது.

சம்பாக்காரர் எழுதியது:

கடைசியாகச் சொன்னதற்கு நன்றி அம்மா. அதைச் சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரசலாறு எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வாழையில் வேலை செய்கிறேன். என் கருத்து கொஞ்சம் வேறு. இவ்வளவு பாடுபட்டு ஆன்டிபாடி போடுவதைவிட சாற்றில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ் கருவிக்கு அனுப்பினால் ஐஏஏ கிராமுக்கு எத்தனை நானோகிராம் என்று எண்ணாகவே வந்துவிடும். இல்லையென்றால் ஆக்சினுக்கு நீலமாகும்படி மரபணு மாற்றிய, டிஆர்5 கஸ் இருக்கிற நெல் விதை யாரிடமாவது வாங்கி, நீல நிறத்தைப் பார்த்தால் போதும். ஆன்டிபாடி முறையில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை என்பதுதான் என் எண்ணம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன்.

எல்சி-எம்எஸ் எண் தரும், இடம் தராது. ஒரு கணுவை அரைத்தால் வேர்முளை, மேல்தோல், கடத்துத் திசு, சோற்றுத்திசு எல்லாம் ஒரே சாறு. வேர்முளை அந்தக் கணுவின் எடையில் மிகச் சிறிய பங்கு. அதில் ஆக்சின் இரட்டிப்பானாலும் மொத்தச் சாற்றில் தெரியாமல் போகலாம். வெண்ணாறு கேட்கிற கேள்வியே எந்த செல் என்பதுதான்.

டிஆர்5 என்பது ஆக்சினுக்கு செல் காட்டுகிற மறுமொழி. ஆக்சின் இருந்தும் மறுமொழி இயந்திரம் இல்லாத செல் நீலமாகாது. நீல நிறம் கஸ் நொதி சேர்ந்துகொண்டே போவதால் வருவது, நேற்றைய ஆக்சினையும் இன்றைய ஆக்சினையும் அது பிரிக்காது. டிஐஐ வீனஸ் என்கிற ஒளிரும் புரத அடையாளம் வேகமானது, ஆக்சின் வந்தால் அதன் ஒளி குறையும். அதுவும் மறைமுகம்தான். எல்லாவற்றுக்கும் மேலே, அவையெல்லாம் மரபணு மாற்றிய செடிகள். அனுமதியில்லாமல் வலங்கைமான் வயலில் நட்டுத் தண்ணீர் கட்ட முடியாது. இங்கே கேள்வி விவசாயியின் வயலில், விவசாயியின் ரகத்தில் என்ன நடக்கிறது என்பது. அதற்கு ஆன்டிபாடிதான் கைக்கெட்டும் வழி.

ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் மிக நல்லது. அதே நாளில் அதே வயலில் பக்கத்துத் தூரிலிருந்து கணுக்களை எடுத்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து எல்சி-எம்எஸ்-ஸுக்கு அனுப்பலாம். மூழ்கிய கணுவில் மொத்த அளவும் கூடியிருந்தால் படத்துக்கு ஒரு சாட்சி கிடைக்கும்.

அரசலாறு எழுதியது:

பக்கத்துத் தூர் யோசனை நன்றாக இருக்கிறது, அதை ஏற்கிறேன். ஒரு சந்தேகம் கேட்கிறேன். எனக்குப் பூவன் காயின் தோலில் ஏபிஏ (அப்சிசிக் அமிலம்), சைட்டோகைனின் என்ற ஹார்மோன்களைப் பார்க்க ஆசை. எத்திலீனும்தான். இதே ஈடிஏசி போதுமா? வாழை வெட்டினால் பாலும் கறையும் வந்து எல்லாம் பழுப்பாகிவிடுகிறது.

மெழுகுக்கட்டி எழுதியது:

எத்திலீனை விட்டுவிடுங்கள். அது வாயு, எடை 28. எந்தக் கரைசலிலும் கட்டிப்போட முடியாது. எத்திலீனைத் தயாரிக்கிற ஏசிசி ஆக்சிடேஸ் நொதியை ஆன்டிபாடியால் பார்க்கலாம். எத்திலீன் எங்கே உண்டாகக்கூடும் என்று அது சொல்லும்.

ஏபிஏ-வுக்கு ஈடிஏசி பொருந்தும், அதிலும் கார்பாக்சில் இருக்கிறது. ஆனால் ஆன்டிபாடியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கடைகளில் அதிகம் கிடைக்கும் ஏபிஏ ஆன்டிபாடிகளில் ஒரு வகை, எதிர்ப்பக்கத்துக் கீட்டோன் வழியாகப் புரதத்தில் ஒட்டித் தயாரித்தது. சி4 வகை என்பார்கள். சாற்றில் தனியாக உள்ள ஏபிஏ-வை அளக்க அது அருமையானது, ஏனென்றால் திறந்த கார்பாக்சிலை அடையாளம் காணும். உங்கள் தோல் சீவலில் கார்பாக்சில் கட்டுண்டு கிடக்கிறது. அதற்கு சி1 வகை வேண்டும். கடைக்காரர் இரண்டுக்கும் ஏபிஏ ஆன்டிபாடி என்று ஒரே பெயர்தான் போடுவார்.

சைட்டோகைனினில் கார்பாக்சில் இல்லை, எனவே ஈடிஏசி அதைப் பிடிக்காது. அங்கே ஆல்டிஹைடை நம்பித்தான் போக வேண்டும், பாராஃபார்மால்டிஹைடோடு கொஞ்சம் குளூட்டரால்டிஹைடும் சேர்ப்பார்கள். ஆன்டிபாடி பெரும்பாலும் சைட்டோகைனின் வகையான சியாட்டின் ரைபோசைடின் சர்க்கரையைப் பெர்அயோடேட்டால் பிளந்து புரதத்தில் ஒட்டித் தயாரிப்பது. அது ரைபோசைடையும் பிடிக்கும், சியாட்டினையும் பிடிக்கும். இரண்டில் எது என்று படத்தை வைத்துச் சொல்லக்கூடாது.

குளூட்டரால்டிஹைடு தானே ஒளிரும், அதனால் ஃப்ளோரசன்ஸில் பார்ப்பதானால் குறைவாகப் போடுங்கள். சீவலைப் புதிதாகக் கரைத்த சோடியம் போரோஹைட்ரைடில் சிறிது நேரம் வைத்தால் ஒளிர்வு அடங்கும்.

வாழைக் கறைக்கு, துண்டை இன்னும் சின்னதாக்குங்கள், வெட்டிய முதல் கரைசலை உடனே ஊற்றிவிட்டுப் புதியதை விடுங்கள். பிவிபி என்கிற பாலிமர் சேர்த்தால் ஃபீனாலை அது இழுத்துக்கொள்ளும்.

வெண்ணாறு எழுதியது:

மெழுகு பற்றி ஒன்று கேட்க வேண்டும். பாரஃபின் 60 டிகிரி ஆன்டிபாடிக்கு ஆகாது, ஸ்டீட்மன் மெழுகுதான் சரி என்று ஒரு சீனியர் சொன்னார். அது 37 டிகிரியிலேயே உருகுமாம்.

மெழுகுக்கட்டி எழுதியது:

சீனியர் சொன்னது புரதத்தைத் தேடுகிறவர்களுக்கு நல்ல அறிவுரை. புரதம் சூட்டில் உருக்குலைந்தால் ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாது. நீங்கள் தேடுவது புரதத்தில் தொங்கும் ஒரு சின்ன மூலக்கூறு, 60 டிகிரி அதை அவ்வளவாகப் பாதிக்காது. பாராப்ளாஸ்ட் என்கிற பாரஃபின் மெழுகில் ஐஏஏ பார்த்த ஆய்வுகள் நிறைய இருக்கின்றன.

அதோடு நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். சித்திரை வைகாசியில் தஞ்சாவூரில் வெளியே 38, 39 தொடுகிறது. 37-இல் உருகும் மெழுகு மேசையிலேயே கூழாகிவிடும். ஏசி அறை, கரண்ட் போகாத உத்தரவாதம் இரண்டும் இருந்தால் மட்டும் ஸ்டீட்மன். பாரஃபின்கூட நம் கோடையில் இளகி ரிப்பன் சுருங்கும். கட்டியை ஐஸ் மேல் வைத்து எடுத்து, காலையில் வெட்டுங்கள்.

10 மைக்ரான் கனம் வையுங்கள். நெல் கணு சிலிக்காவால் ரிப்பனில் கீறல் விழும், பிளேடை நகர்த்தி நகர்த்தி வெட்டுங்கள். சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் என்று எங்காவது படித்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தோல் வழியாக எலும்புவரை போகிற அமிலம் அது, திசுவையும் கெடுக்கும். இளம் கணுவை எடுத்தால் சிலிக்கா தொல்லை பாதி குறைந்துவிடும்.

மெழுகு நீக்கிய பிறகு கிளைசின் கரைசலில் கொஞ்ச நேரம், மிச்சமிருக்கும் ஆல்டிஹைடு அடங்க. பிறகு ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க பிஎஸ்ஏ-வில் (மாட்டு இரத்தப் புரதம்) ஒரு மணி நேரம். முதல் ஆன்டிபாடி, அதாவது ஐஏஏ-வைப் பிடிப்பது, 4 டிகிரியில் இரவு முழுக்க, ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில். நீர்ப்பு அளவை ஒன்றுக்கு 100, 200, 500 என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கிற இரண்டாம் ஆன்டிபாடியில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் நொதி ஒட்டியது வாங்கினால் சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும், ஊதா நிறம் விழும். கான்ஃபோகல் இல்லாத இடத்தில் நெல் கணுவுக்கு இதுதான் என் முதல் தேர்வு. லிக்னின் தானாக ஒளிர்வதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த நொதி ஊதாவாக்குகிற நிறக்கரைசலை ட்ரிஸ் பிஎச் 9.5-இல்தான் கரைக்க வேண்டும். முன்பு ட்ரிஸ் வேண்டாம் என்று சொன்னது கட்டிப்போடுகிற கட்டத்துக்கு மட்டும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

கன்ட்ரோல் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். படத்தைவிட இதற்குத்தான் தேர்வாளர் மதிப்பெண் போட வேண்டும்.

முதலில் ஈடிஏசி இல்லாத துண்டு. அதே கணு, அதே பஃபர், தூள் மட்டும் இல்லை. மற்ற எல்லாம் ஒன்றுதான். அதில் நிறம் வெளிறிவிட வேண்டும். அதிலும் அதே அளவு நிறம் வந்தால், நீங்கள் பார்ப்பது கட்டிப்போட்ட ஆக்சின் இல்லை. இந்த ஒரு கன்ட்ரோல் இல்லாமல் வருகிற ஆக்சின் படம் எதையும் நான் நம்புவதில்லை.

அடுத்தது முதல் ஆன்டிபாடி போடாத சீவல். பிறகு ஆன்டிபாடியை முன்கூட்டியே ஐஏஏ ஒட்டிய பிஎஸ்ஏ-வோடு கலந்து வைத்துவிட்டுப் போட்ட சீவல். இங்கே வெறும் ஐஏஏ-வைக் கலந்தால் போதாது. சி1 வகை ஆன்டிபாடி, கார்பாக்சில் கட்டுண்ட ஐஏஏ-வைத்தான் விரும்பும். வெறும் ஐஏஏ அதை முழுதாக நிறைக்காது, நிறம் மிச்சமிருக்கும், நீங்கள் குழம்பிவிடுவீர்கள்.

நிச்சயம் வர வேண்டிய இடம் ஒன்றும் வையுங்கள். நெல் நாற்றின் வேர் நுனியில் ஆக்சின் கூடுதலாகக் குவியும் என்பது நிறுவப்பட்டது. அதே நாளில் அதே கரைசலில் ஒரு வேர் நுனியையும் கொண்டுபோங்கள். அங்கே வராவிட்டால் கணுவைப் பற்றிப் பேசவே வேண்டாம், முறையில் எங்கோ கோளாறு. முடிந்தால் ஆக்சின் கடத்தலைத் தடுக்கிற என்பிஏ-வில் வைத்த நாற்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர் நுனியில் நிறத்தின் பரவல் மாற வேண்டும்.

வெண்ணாறு எழுதியது:

சம்பா முடியுமுன் செய்துவிட்டேன். வயலில் ஊசிக்குழாய் முறை அப்படியே வேலை செய்தது. துண்டுகள் அடியில் போய் உட்கார்ந்தன. வயல்காரர் தாத்தா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தூரையும் எத்தனை நாள் தண்ணீரில் நின்றது என்று சொல்லிக்கொண்டே வந்தார், எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

ஈடிஏசி போட்ட சீவலில் வேர்முளையின் நுனியிலும், அதை ஒட்டிய கடத்துத் திசுவிலும் ஊதா நிறம் அழுத்தமாக இருக்கிறது. ஈடிஏசி இல்லாததில் அந்த இரண்டு இடமும் வெளிறிவிட்டது. நாற்றின் வேர் நுனியிலும் வந்தது. ஆனால் கணுவின் வெளி ஓரத்தில், தோலுக்கு அடியில் உள்ள தடித்த செல்களில் எல்லா சீவலிலும் நிறம் இருக்கிறது. முதல் ஆன்டிபாடி போடாததிலும் அதே அளவு. இதை எப்படி எழுதுவது?

மெழுகுக்கட்டி எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி தங்கச்சி. வெளி ஓரத்து நிறம் ஆக்சின் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். காரணம் இரண்டில் ஒன்று. இரண்டாம் ஆன்டிபாடி தடித்த சுவரில் ஒட்டுகிறது, இல்லையென்றால் அந்த செல்களிலேயே பாஸ்ஃபடேஸ் நொதி உயிரோடு இருக்கிறது. பிரித்துப் பார்ப்பது சுலபம். எந்த ஆன்டிபாடியும் போடாமல், நிறக்கரைசலை மட்டும் ஊற்றுங்கள். அப்போதும் ஊதா வந்தால் நொதி. வராவிட்டால் இரண்டாம் ஆன்டிபாடிதான். அப்படியானால் அலசும் பஃபரில் ட்வீன் என்கிற சோப்பு போன்ற பொருள் 0.1 சதவீதம் சேர்த்து அலசலைக் கூட்டுங்கள், இரண்டாம் ஆன்டிபாடியை இன்னும் நீர்த்துப் போடுங்கள்.

எழுதும்போது அந்த ஓரத்தைப் படத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள். முழுக் கணுவையும் போட்டு, கன்ட்ரோலையும் பக்கத்திலேயே அதே ஒளியில், அதே நேரத்தில் எடுத்த படமாக வையுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

சி1 ஆன்டிபாடி அமைடு வடிவில் இணைந்த ஐஏஏ-வையும் ஓரளவு பிடிக்கக்கூடும். அதனால் ஐஏஏ என்று மட்டும் எழுதாமல், "ஐஏஏ ஆன்டிபாடி காட்டிய நிறம்" என்று படக்குறிப்பில் எழுதுங்கள். எல்சி-எம்எஸ் முடிவு வந்த பிறகு எவ்வளவு தைரியமாகச் சொல்லலாம் என்று பார்ப்போம். பக்கத்துத் தூர் கணுக்களை உறைய வைத்தீர்களா?

வெண்ணாறு எழுதியது:

வைத்திருக்கிறேன் அண்ணா, மைனஸ் 80-இல். நிறக்கரைசல் மட்டும் போட்ட சீவலை இன்று காலை பார்த்தேன். ஓரத்தில் ஊதா வரவில்லை. இரண்டாம் ஆன்டிபாடிதான். ட்வீன் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

சம்பாக்காரர் எழுதியது:

அம்மா, அடுத்த தடவை என் வயலுக்கும் வாருங்கள். சி.ஆர். 1009-உம் சப்1-உம் ஒரே வரப்பின் இரண்டு பக்கமும் போட்டிருக்கிறேன். மழை வந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில்தான் நிற்கும்.